நிற்காத வண்டிகள்

"வண்டி நல்லா ஓடுது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் இப்போதெல்லாம் எனக்குக் கவலை. ஸ்டார்ட் ஆகவில்லை, புகை தள்ளுகிறது, பிக்கப் இல்லை என்று வருகிறவரைப் பற்றிப் பயமில்லை. அவருடைய வண்டி அவரை எப்படியோ கடைக்கு இழுத்து வந்துவிட்டது. வந்த இடத்தில் என் கண் மற்ற பாகங்களிலும் விழும். நன்றாக ஓடுகிற வண்டியை யார் பார்ப்பது? யார் கையும் படாமல் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. டயர் மொட்டையானாலும் என்ஜின் ஓடும். பிரேக் லைனர் கரைந்து போனாலும் ஓடும். பின் விளக்கு செத்துப் போனாலும் ஓடும்.

நான் தொழில் பழகிய காலத்தில் இந்தக் கவலைக்கு இடமே இல்லை. அன்றைய வண்டிகள் அடிக்கடி நின்றன.

எழுபதுகளின் கடைசியில், எங்கள் ஊரில் ஒரு பாயின் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே வந்த மோட்டார் சைக்கிள்கள் மூன்றே வகை. திருவொற்றியூரில் செய்த புல்லட், மைசூரில் செய்த ஜாவாவும் எஸ்டியும், எஸ்கார்ட்ஸ் கம்பெனியின் ராஜ்தூத். மூன்றுமே வெளிநாட்டு வரைபடங்களை வாங்கி இங்கே செய்தவை. புல்லட்டுக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் ரெட்டிச். 1955-இல் அந்த ஊர்க் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. 1970 வாக்கில் தாய்வீடே மூடிவிட்டது. திருவொற்றியூர் மட்டும் அதே வண்டியை ஏறக்குறைய அதே அச்சில் வார்த்துக்கொண்டிருந்தது.

புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்வதே ஒரு தனிப் பாடம். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். ஹெட்லைட் மூடிக்கு மேலே ஆம்பியர் மீட்டர் இருக்கும். அதன் முள் இடதுபக்கம் சரிந்து, மறுபடி நடுவுக்கு வரும். பிளக்குக்குப் பொறி அனுப்பும் பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இடது கையால் டீகம்ப்ரஷன் லீவரை இழுத்து, கிக்கரை இம்மியளவு தாண்டவிட்டு, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுப் பலத்தோடு ஒரே மிதி. இடம் தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாய் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை ஸ்பேனர் பிடிப்பதல்ல, அந்த முள்ளைப் பார்ப்பது. "முள்ளு சொல்றதக் கேளுடா, காலு தானா கேக்கும்" என்பார்.

ஸ்டார்ட் ஆகிவிட்டால் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்துவிட முடியுமா? பாயின்டில் கரி பிடிக்கும். கண்டென்சர் போகும். பிளக்கில் எண்ணெய் ஏறும். கிளட்ச் கேபிள் நட்டநடு ரோட்டில் அறுந்துபோகும். ராஜ்தூத்காரர்கள் பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றினார்கள். அளவு கூடினால் சைலன்சருக்குள் கரி அடைத்து வண்டி இருமும். புல்லட்டின் டாப்பட் மூடியிலிருந்து ஆயில் கசிவது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டு இல்லை என்றால், உள்ளே ஆயிலே இல்லை என்று அர்த்தம் என்று வண்டிக்காரர்களே சொல்வார்கள்.

அதனால் ஒவ்வொருவரும் பாதி மெக்கானிக்காக இருந்தார்கள். பக்கவாட்டு டப்பாவுக்குள் ஒரு பிளக், ஒரு கிளட்ச் கேபிள், செயின் லாக் இரண்டு, கொஞ்சம் உப்புத்தாள், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் லீவர். எங்களிடம் வழக்கமாக வரும் வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை வீட்டு வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்துவிடுவார். சைடு மூடியைத் திறந்து, புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார். குளிர்ந்த என்ஜினில் அது விரலுக்கு லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. டாப்பட் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். எனக்கு எதிலாவது சந்தேகம் வந்தால் பாயைக் கேட்பதற்கு முன்பு அவரைக் கேட்டிருக்கிறேன். "என்ன சார், இந்தச் சத்தம் எங்கேர்ந்து வருது?" என்றால், தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பிரைமரி செயின் லூஸுடா தம்பி, பாய்கிட்ட சொல்லு" என்பார். கணக்கு வாத்தியார்தான், இயந்திரம் படித்தவரில்லை.

பாயின்டைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தவர் பாயின்டோடு எழுந்துவிட மாட்டார். கை அழுக்கானது ஆகட்டும் என்று செயினுக்கு மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். துடைக்கும்போது ஓர் இணைப்பு இறுகியிருப்பது விரலில் படும். பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் ஒரு ஸ்போக் தளர்ந்திருப்பது காதில் கேட்கும். கேபிளில் ஒரு நரம்பு பிரிந்திருப்பது கண்ணில் படும். அந்த வண்டிகள் பழுதாகி நின்றதால்தான் அவற்றின் உடம்பு முழுவதும் மனிதக் கை பட்டது. நம்ப முடியாத என்ஜினை வைத்திருந்தவர்கள் அதன் பொருட்டே பிரேக்கையும் டயரையும் பார்த்துவந்தார்கள்.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் தயாராக இல்லை. 6 வோல்ட் பேட்டரியில் எரிந்த ஹெட்லைட், எதிரே வரும் மாட்டுவண்டியைக் கிட்டத்தில் போன பிறகுதான் காட்டும். முன் பிரேக்கை நரம்பு புடைக்கப் பிடித்தாலும் புல்லட் தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். தலைக்கவசம் என்ற ஒன்றை எங்கள் ஊரில் போலீஸ்காரர்கூடப் போட்டதில்லை. இன்றைக்கு எண்பதாயிரம் ரூபாய்க்கு விற்கும் சாதாரண வண்டி, வேலைப்பாட்டில் அன்றைய எந்த வண்டியையும் விட மேல். தொழிலில் இருக்கிறவன் இதை மறைக்கக் கூடாது.

மாற்றம் வந்தது 1984, 85-இல். இந்த்-சுசூகி, ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 எல்லாம் இரண்டு வருஷத்துக்குள் வரிசையாக இறங்கின. ஆர்.எக்ஸ். 100-ஐப் பற்றி எங்கள் தலைமுறையைப் பேசவிட்டால் பொழுது போய்விடும், அதனால் அதைத் தாண்டிவிடுகிறேன். தொழிலையே மாற்றிப்போட்டது சி.டி. 100. நாலு ஸ்ட்ரோக், ஆயில் கலக்க வேண்டாம். முக்கியமாக, பாயின்ட் கிடையாது. சி.டி.ஐ. என்ற சின்ன கறுப்புப் பெட்டி, தேயவும் கரிபிடிக்கவும் ஒன்றுமில்லாமல், நெருப்புப் பொறியைச் சரியான நேரத்துக்கு அனுப்பியது. பெட்ரோலை நிரப்பு, மூடு, மறந்துவிடு என்று விளம்பரம் செய்தார்கள். பெட்ரோல் மிச்சத்தைப் பற்றிய விளம்பரம்தான். நாங்கள் கண்ணால் பார்த்தது, ஜனங்கள் வண்டியையே மறக்கத் தொடங்கியதை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பராமரிப்பு வேண்டாத பேட்டரி, ட்யூப்லெஸ் டயர், செல்ஃப் ஸ்டார்ட். 2017 ஏப்ரலிலிருந்து வண்டி ஓடினாலே ஹெட்லைட் எரிய வேண்டும் என்றார்கள். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு. 2020-இல் பி.எஸ். 6 வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டரே போய், பெட்ரோலைக் கணக்குப் பார்த்துப் பீய்ச்சும் ஊசி வந்தது. நான் இளவயதில் மணிக்கணக்காகக் குனிந்து கற்ற வேலைகளில் பாதி இன்றைக்குக் கிடையாது. எனக்கு அதில் வருத்தமில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு புதுக்கோட்டை ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற கஷ்டம் இன்றைய தம்பதிகளுக்கு வேண்டாம்.

என் வருத்தம் வேறு. என்ஜின் முன்னேறிய அளவுக்கு ரப்பர் முன்னேறவில்லை. டயர் அன்றும் தேய்ந்தது, இன்றும் தேய்கிறது. பிரேக் லைனர் கரைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள், கரைந்தால்தான் வண்டி நிற்கும். செயின் நீளத்தான் செய்யும். பல்பு ஒருநாள் போகத்தான் போகும். இந்தப் பொருள்களுக்கு யாராவது குனிந்து பார்த்தாக வேண்டும். குனிய வைத்த என்ஜின் திருந்திவிட்டது.

சட்டமும் குனிவதில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். அதற்குப் பிறகு ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பார். ஐந்து வருஷம் நீட்டித்துத் தருவார்கள். நடுவில் புகைச் சான்றிதழ் உண்டு, இன்ஷூரன்ஸ் உண்டு. புகையைச் சோதிக்கிறவர் சைலன்சருக்குள் குழாயை விடுகிறார். அதற்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் டயரைப் பார்ப்பது அவர் வேலையில் சேராது. ஆக, ஷோரூமிலிருந்து இறங்கிய நாளுக்கும் பதினைந்தாம் வருஷத்துக்கும் இடையே, இந்த வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று அரசாங்கத்தின் சார்பில் ஒருவரும் கேட்பதில்லை.

இங்கிலாந்தில் எம்.ஓ.டி. என்று ஒரு சோதனை 1960-இலிருந்து இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு மூன்று வயது முடிந்ததும் முதல் சோதனை, அதன்பிறகு வருஷா வருஷம். அங்கே மோட்டார் சைக்கிள்கள் தேறாமல் போகும் காரணங்களில் முன்னால் நிற்பவை விளக்குகள். பிறகு பிரேக், டயர், ஸ்டியரிங், சஸ்பென்ஷன். என்ஜினின் வலுவைப் பற்றி அந்தச் சோதனைக்குக் கவலையே கிடையாது. நிற்குமா, திரும்புமா, கண்ணுக்குத் தெரியுமா, அவ்வளவுதான் கேள்வி. இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1977 முதல் திருவொற்றியூர் புல்லட்டை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள். ஒரே வருஷம், ஒரே பட்டறையில், ஒரே கைகள் முடுக்கிய இரண்டு புல்லட். கப்பலேறிய வண்டியை மூன்று வருஷத்தில் ஒருவர் நிறுத்தி பிரேக்கைச் சோதிப்பார். இங்கேயே தங்கிய வண்டி அதன் வாத்தியாரை நம்பித்தான் இருக்க வேண்டும். வாத்தியார் இருந்தவரை சரி.

போன வருஷம் ஒரு தம்பி வந்தார். தனியார் கம்பெனியில் வேலை, அப்பா வாங்கிய நூறு சி.சி. வண்டி, பதினைந்து வருஷம் முடிகிறது. "அண்ணே, வண்டில ஒரு கம்ப்ளைன்ட்டும் இல்ல. லிட்டருக்கு அறுபது குடுக்குது. ஆர்.சி. ரினீவல் மட்டும் பண்ணணும். சும்மா கழுவி, ஆயில் மாத்திக் குடுங்க போதும்."

என்ஜினைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் நிஜம். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. ஐடிலிங் சீராக, கடிகாரத்தைப் போல நின்றது. புகையில்லை, சத்தமில்லை.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் பிரேக்கை அழுத்தச் சொன்னேன். பின் சக்கர டிரம்மின் மூடியில், பிரேக் லீவர் சேருகிற இடத்தில், ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை முழுக்க அழுத்தும்போது அந்த அம்பு மூடியில் பொறித்த கோட்டைத் தொட்டால், ஷூ மாற்றும் நேரம் வந்துவிட்டது. இந்தத் தம்பியின் வண்டியில் அம்பு கோட்டைத் தாண்டிப் போனது. ஆனால் பெடலில் அது தெரியாது. பிரேக் பிடிப்பு குறைந்தபோதெல்லாம் யாரோ பின்னாலுள்ள நட்டை இரண்டு சுற்று முடுக்கியிருக்கிறார்கள். முடுக்க முடுக்கப் பெடல் பழையபடி மேலே வந்துவிடும். மரையின் கடைசிவரை முடுக்கியாகிவிட்டது. டிரம்மைக் கழற்றினேன். ஷூவில் லைனர் நகத்தளவு ஓரத்தில் ஒட்டியிருந்தது, மற்ற இடமெல்லாம் அலுமினியம் டிரம்மை உரசி வழவழவென்று கோடு விழுந்திருந்தது. இந்த நிலைமையில் கேம் சற்றுக் கூடுதலாகத் திரும்பிவிட்டால் ஷூ விரிந்தபடியே மாட்டிக்கொள்ளும். சக்கரம் இறுகிவிடும். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அவர் தினமும் போய்வருகிற வண்டி இது.

"அண்ணே, பெடல் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். அவர் மீது தப்பில்லை. பெடல் நன்றாகத்தான் இருந்தது.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பிப் பார்த்தேன். நேராக வரும் இடத்தில் ஒரு கடுக்கு, அங்கே தானாகச் சிக்கி நின்றது. கோன் செட்டுக்குள் குண்டுகள் குழி போட்டுவிட்டன. வண்டி நேராகப் போகும்போது இது தெரியாது. சின்னச் சின்னத் திருத்தங்கள் செய்ய முடியாமல் வண்டி இழுத்துக்கொண்டு போகும், ஓட்டுகிறவர் காற்று என்று நினைத்துக்கொள்வார். போர்க் குழாயில் ஆயில் படலம், தூசி ஒட்டி வளையம் கட்டியிருந்தது. செயின் லாக்கைப் பார்த்தால் அதைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும். பஞ்சர் ஒட்டிய இடத்தில் அவசரமாக மாட்டியிருப்பார்கள்.

பின் விளக்கு எரிந்தது. பின் பிரேக்கை மிதித்தால் சிவப்பும் கூடியது. முன் பிரேக்கைப் பிடித்தால் ஒன்றுமில்லை. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் குட்டி சுவிட்ச் செத்து எத்தனை காலம் ஆனதோ. இந்த ஒரு பழுதை ஓட்டுகிறவர் தானாகக் கண்டுபிடிக்கவே முடியாது, அது அவருக்குப் பின்னால் இருக்கிறது. கடைக்கு வரும் வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சுவிட்சும் கூலியும் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் விலை.

டயரைப் பற்றி இரண்டு வார்த்தை. இருசக்கர வண்டி டயரில் பட்டன் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு விதி. ஆனால் பட்டன் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். டயரின் பக்கச் சுவரில் நாலு எண் இருக்கும். 2314 என்றால், 2014-ஆம் வருஷம் இருபத்துமூன்றாவது வாரம் செய்தது. மாமனார் வீட்டுத் திண்ணையில் நிற்கிற வண்டி, மாதம் ஒருதரம் கோயிலுக்கு எடுக்கிற வண்டி, இவற்றில் பட்டன் புத்தம்புதிதாக இருக்கும். விரலால் அழுத்தினால் பள்ளத்துக்கு அடியில் மெல்லிய வெடிப்புகள் திறக்கும். ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது, மழைத் தண்ணீரில் பிடிப்பே இருக்காது. ஏ.பி.எஸ். இருந்தாலும் அது என்ன செய்யும்? சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. தார் ரோட்டைப் பிடிக்கிற வேலை டயருடையது.

தேய்வது ஒருபக்கம் இருக்க, காசு கொடுத்துக் கழற்றுவது இன்னொருபக்கம். கண்ணாடி இரண்டையும் அழகுக்குக் கெடுதல் என்று வாங்கிய வாரமே கழற்றிவிடுகிறார்கள். பின் சக்கரத்தில் புடவையும் துப்பட்டாவும் சிக்காமல் இருக்கத் தடுப்பு வேண்டும், அது சக்கரத்தின் பாதிக்காவது மறைக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. வெளிநாடுகள் பலவற்றில் இந்தத் தடுப்புக் கம்பி இல்லாமல் விற்கிற வண்டிக்கு நம் ஊரில் அந்தக் கம்பியை வைத்து விற்கிறார்கள், நம் பெண்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று தெரிந்து செய்த ஏற்பாடு. அதைக் கழற்றித் தரச் சொல்லி என்னிடம் வரும் பையன்களுக்கு நான் கழற்றித் தருவதில்லை. வேறு கடையில் கழற்றிக்கொள்கிறார்கள், தெரியும். என் ஸ்பேனரில் அது நடக்க வேண்டாம்.

ஆர்.சி. புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் எல்லாம் திரும்பி வந்துவிடும். கண்ணாடி வரும், கம்பி வரும், அலங்கார நம்பர் பிளேட் போய் ஒழுங்கான பிளேட் வரும். பக்கத்து வீட்டு வண்டியின் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டு, ஹாரன் அடித்துக் காட்டிவிட்டு, மறுநாள் மறுபடி பழைய கோலம். புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானபோது எங்கள் கடை வாசலில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. அந்த ஆயிரத்துக்கு ஈடாக ஒருவர் டிரம்மைத் திறந்து பார்த்தாரா என்று கேட்ட ஆளை நான் பார்க்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அது நம் காசு, நம் பிள்ளைகள் ஏறும் வண்டி.

2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897 பேர். மத்திய அரசின் அறிக்கைக் கணக்கு இது. அதிவேகம்தான் பெரிய காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. சரிதான். ஆனால் வேகமாக வந்தவரும் கடைசி நொடியில் பிரேக்கைத்தான் பிடித்திருப்பார். அந்த நொடியில் டிரம்முக்குள் லைனர் இருந்ததா, சக்கரத்துக்கு அடியில் பட்டன் இருந்ததா, பின்னால் வந்த லாரிக்குச் சிவப்பு விளக்கு தெரிந்ததா என்பதெல்லாம் பிரேதப் பரிசோதனையில் வராது.

மூன்றாம் வருஷம் ஒன்று, அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது என்று சொந்த வண்டிகளுக்கும் சோதனை வர வேண்டும் என்பது என் கட்சி. லைசென்ஸ் ராஜ்யம் என்பார்கள், லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் என்பார்கள், கோடிக்கணக்கான வண்டிகளை எங்கே நிறுத்திப் பார்ப்பது என்பார்கள். மூன்றும் நியாயமான பயங்கள். ஆனால் எம்.ஓ.டி.யைச் செய்கிறவர்கள் அங்கே பெரும்பாலும் சாதாரணக் கராஜ்காரர்கள். அரசு அவர்களுக்குப் பயிற்சியும் அனுமதியும் கொடுத்து, அவர்களைக் கண்காணிக்கிறது. நம் ஊரில் தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். நன்றாக ஓடும் வண்டிகளால் வேலை குறைந்து, ஆயில் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒரு பட்டன் அளக்கும் கருவியும், ஒரு பட்டியலும், சரியாகப் பார்க்காவிட்டால் அனுமதி போகும் என்ற பயமும் கொடுத்தால் ஒரு வண்டிக்கு இருபது நிமிஷம் போதும்.

சட்டம் வரும்வரை என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆயில் மாற்ற வந்தாலும், ஹாரன் மாற்ற வந்தாலும், சென்டர் ஸ்டாண்டு போட்டு இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்காமல் வண்டியைத் திருப்பித் தருவதில்லை. காசு கேட்பதில்லை. ஆனால் ஆயில் மாற்ற வருவதும் இனிக் குறையும். மின்சார ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. பிளக் இல்லை, பில்டர் இல்லை, என்ஜின் ஆயில் இல்லை. எங்கள் தெருவிலேயே நாலைந்து ஓடுகின்றன. எதிர்வீட்டுப் பெண் ஒருவர் வங்கிக்கு அதில்தான் போகிறார். போன மாதம் காற்றடிக்க நிறுத்தினார்.

"இதுல உங்களுக்கு வேலையே இல்லல்ல அண்ணே?" என்றார் சிரித்துக்கொண்டே.

"மோட்டார்ல இல்லம்மா. கொஞ்சம் இறங்குங்க" என்று சொல்லி ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினேன். பேட்டரியின் எடையும், கிளம்பும்போதே முழு இழுவை கொடுக்கும் மோட்டாரும் சேர்ந்து பின் டயரின் நடுப்பட்டையைத் தேய்த்திருந்தன. தேய்மான அடையாளத்துக்கு இன்னும் மயிரிழைதான் பாக்கி. டார்ச் அடித்துக் காட்டினேன். உட்கார்ந்து, விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இத நான் பார்த்ததே இல்லண்ணே. வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு."

"சனிக்கிழமை கொண்டாங்க, மாத்திடலாம். முன் பிரேக்கையும் சேர்த்துப் பார்த்துடறேன்."

சனிக்கிழமை வந்தார். கூடவே தன் தம்பியின் வண்டியையும் ஓட்டிவரச் சொல்லியிருந்தார். "அவன் வண்டி நல்லாத்தான் ஓடுதாம், இருந்தாலும் பாருங்க" என்றார்.